பதிலளிக்காத இணையத்தளங்களுக்காக ஸ்க்விட் புறொக்சி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

வாசிகசாலைப் பொறுப்பாளர், கொக்குவில்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசிகசாலையின் மேல்மாடியில் உயர்தர மாணவர்களுக்காகக் கணினி அறை ஒன்றை நடத்தி வருகிறோம். உபுண்டு 20.04 நிறுவப்பட்ட பழைய மேசைக்கணினி ஒன்றில் ஸ்க்விட் 4.10 (கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று கோரிக்கைகளைக் கடத்தும் புறொக்சி மென்பொருள்) இயங்குகிறது, அறையிலுள்ள எல்லாக் கணினிகளும் அதன் 3128 ஆம் போர்ட் வழியாகவே இணையத்துக்குச் செல்கின்றன. இணைப்பு பைபர்.

கடந்தகால வினாத்தாள்களைத் தொகுத்து வைத்திருக்கும் வெளிநாட்டுத் தளம் ஒன்று அடிக்கடி பதிலளிப்பதில்லை. அப்போது உலாவியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில வேளைகளில் ஒரு நிமிடத்தில் பிழைச் செய்தி வருகிறது. சில வேளைகளில் நான்கு நிமிடம் வரை இழுபடுகிறது. தளம் இயங்கவில்லை என்பதை உடனே சொல்லிவிட்டால் பிள்ளைகள் வேறு வேலையைப் பார்ப்பார்கள். இதைவிட விளங்காத விடயம் ஒன்றும் உண்டு. அந்தத் தளம் தொங்கி நிற்கும் கணினியில் சற்று நேரத்தில் மற்றத் தளங்களும் திறக்க மறுக்கின்றன. ஆனால் பக்கத்து மேசையில் எல்லாம் வழமைபோலத் திறக்கின்றன.

எங்கள் அமைப்புக் கோப்பில் காலவரம்பு தொடர்பான வரி எதுவும் இல்லை. எல்லாம் இயல்பிருப்பு மதிப்புகளே. எந்தக் கட்டளையை எந்த அளவுக்குக் குறைப்பது பொருத்தம் என்பதை அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

வடமராட்சியாள், நெல்லியடி:

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ரைம்அவுட் (காலவரம்பு) என்று முடிகிற கட்டளைகள் எல்லாவற்றுக்கும் 30 செக்கன் கொடுத்து ஸ்க்விட்டை மீள ஏற்றுங்கள். எங்கள் நிலையத்தில் நீண்ட காலமாக அப்படித்தான் ஓடுகிறது. அரை நிமிடத்தில் பதில் சொல்லாத தளம் அதற்குப் பிறகும் சொல்லப் போவதில்லை.

நல்லூர்க்கிளி, யாழ்ப்பாணம்:

பொறுப்பாளர் அவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் குறைக்கும் ஆலோசனையை இப்போதைக்குச் செயற்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்க்விட்டில் ஓடுவது ஒரு கடிகாரம் அல்ல. வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. எதைக் குறைத்தால் பாதகமில்லை, எதைக் குறைத்தால் வேறு வேலை கெடும் என்பது கட்டத்துக்குக் கட்டம் மாறும். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் ஆங்கிலத்தில் எழுதும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இட வேண்டும்.

முதலில் ஆள்களப்பெயரை முகவரியாக மாற்றும் கட்டம். இதற்கு டிஎன்எஸ் ரைம்அவுட், இயல்பிருப்பு 30 செக்கன். அடுத்து, கிடைத்த முகவரிக்கு ரிசிபி இணைப்பு அமைக்கும் கட்டம். இதற்குக் கனெக்ட் ரைம்அவுட், 1 நிமிடம். ஒரு தளத்துக்குப் பல முகவரிகள் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக முயலும் ஸ்க்விட், அந்த முயற்சி முழுவதற்கும் போர்வேட் ரைம்அவுட் என்ற மேல்வரம்பை வைத்திருக்கிறது. அது 4 நிமிடம். இணைப்பு அமைந்து கோரிக்கை போன பிறகு பதிலுக்காகக் காத்திருப்பது ரீட் ரைம்அவுட்; அதன் இயல்பிருப்பு 15 நிமிடம். இந்தக் கடைசிக் கடிகாரம் மொத்தப் பதிவிறக்க நேரத்தை அளப்பதில்லை. ஒவ்வொரு முறை தரவு வரும்போதும் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. எனவே மெதுவாக இறங்கும் பெரிய கோப்பை அது ஒருபோதும் வெட்டாது; முழுமையான மௌனத்தையே அளக்கிறது.

உங்கள் பிள்ளைகள் காணும் ஒரு நிமிடமும் நான்கு நிமிடமும் இதிலிருந்து விளங்கும். தளத்துக்கு முகவரி ஒன்று மட்டுமே இருந்து அது உயிரற்றுக் கிடந்தால் 60 செக்கன். நான்கு முகவரிகள் இருந்து நான்கும் அப்படியே கிடந்தால் நான்கு அறுபது சேர்ந்து போர்வேட் ரைம்அவுட்டைத் தொட்டு நிற்கும்.

தொலைபேசி மணி அடித்தும் யாரும் எடுக்காமல் இருப்பது ஒரு நிலைமை. எடுத்தவர் “கொஞ்சம் பொறுங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போவது வேறொரு நிலைமை. முதலாவதில் சீக்கிரமாக வைத்துவிடுவதால் யாருக்கும் நட்டமில்லை. கனெக்ட் ரைம்அவுட் அந்த வகையைச் சேர்ந்தது: அந்தக் கட்டத்தில் இன்னும் எதையுமே கேட்கவில்லை, ஆகவே கைவிட்டாலும் எதுவும் பாதியில் நிற்காது.

அதை எவ்வளவு குறைக்கலாம் என்பதற்குத் தூரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. பூமியில் ஒருவருக்கு மிகத் தொலைவான இடமே சுமார் 20 ஆயிரம் கிலோமீற்றர்தான். போய்வர 40 ஆயிரம், அதாவது ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு. வழியில் எத்தனை சுற்று இருந்தாலும் உயிருள்ள சேவையகம் ஒன்று இணைப்புக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல ஒரு செக்கன் தாராளம். 60 செக்கன் தூரத்துக்காக வைக்கப்பட்டதல்ல. பொதி (வலையமைப்பில் போகும் தரவுத் துண்டு) தொலைந்தால் மறுபடி அனுப்புவதற்காக வைக்கப்பட்டது.

லினக்ஸ் கருநிரல் முதல் இணைப்புப் பொதியை அனுப்பிவிட்டு ஒரு செக்கன் பார்க்கும். பதில் இல்லையென்றால் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே திரும்ப அனுப்பும். ஆக, தொடக்கத்திலிருந்து 1, 3, 7, 15, 31, 63 ஆவது செக்கன்களில் மறுபொதிகள் போகும். 2011 இல் வெளியான ஆர்எப்சி 6298 என்ற இணைய நியம ஆவணம் இந்த முதல் இடைவெளியை 3 செக்கனிலிருந்து 1 ஆகக் குறைத்தது. இந்த எண்களைப் பார்த்துத்தான் வரம்பைத் தெரிவுசெய்ய வேண்டும். 10 செக்கன் வைத்தால் நான்கு பொதிகள் போய்விடும். நான்கும் தொடர்ந்து தொலைவது உங்கள் பைபர் இணைப்பில் அரிது. 15 என்று வைப்பதில் பொருளில்லை. ஐந்தாவது பொதி புறப்படும் கணத்திலேயே நீங்கள் இணைப்பை வெட்டிவிடுவீர்கள்.

எனது பரிந்துரை: கனெக்ட் ரைம்அவுட் 10 செக்கன், போர்வேட் ரைம்அவுட் 30 செக்கன், டிஎன்எஸ் ரைம்அவுட் 10 செக்கன். ரீட் ரைம்அவுட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் பதிவுக் கோப்பின் இரண்டாவது நிரலைப் பாருங்கள்; ஒவ்வொரு கோரிக்கையும் எடுத்த மில்லிசெக்கன் அங்கே இருக்கும். தோல்வியுற்ற வரிகளில் எந்த எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று சொன்னால் எந்தக் கடிகாரம் அடித்தது என்று தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: கோரிக்கை முடிந்த பின்புதான் ஸ்க்விட் அந்த வரியை எழுதுகிறது. இப்போது தொங்கிக்கொண்டிருப்பதை இப்போதே தேடினால் கிடைக்காது.

வாசிகசாலைப் பொறுப்பாளர், கொக்குவில்:

நன்றி அக்கா. பார்த்தேன். 503 என்ற குறியீட்டோடு இருக்கும் வரிகளில் பெரும்பாலானவை 60 ஆயிரத்தை ஒட்டியே இருக்கின்றன. ஒன்றில் 60187, இன்னொன்றில் 60042. 240 ஆயிரத்தை ஒட்டியவை சில. 200 என்று வெற்றிக் குறியீடு காட்டும் வரிகளிலும் 300 ஆயிரம், 700 ஆயிரம் என்றெல்லாம் இருப்பது ஏன்? அவையும் கோளாறா?

நல்லூர்க்கிளி, யாழ்ப்பாணம்:

503 வரிகள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இணைப்புக் கட்டத்தைச் சேர்ந்தவை. 200 வரிகள் கோளாறல்ல. இன்றைய தளங்கள் பெரும்பாலும் எச்ரிரிபிஎஸ் (குறியாக்கம் செய்த இணைப்பு) என்பதால் உலாவி புறொக்சியிடம் ஒரு சுரங்கவழியை, அதாவது உள்ளே போவதைப் படிக்காமல் கடத்திவிடும் வழியை, திறக்கும்படி மட்டுமே கேட்கிறது. அந்தச் சுரங்கவழி மூடப்படும்வரை ஓடிய நேரம் முழுவதும் அந்த எண்ணில் சேரும். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாலும் அது ஏறும்.

பிழைப் பக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்க்விட் தரும் தமிழ் அல்லது ஆங்கில விளக்கப் பக்கத்தைச் சுரங்கவழிக் கோரிக்கைகளில் உலாவிகள் காட்டுவதில்லை. குரோம் சுரங்க இணைப்புத் தோல்வி என்ற தன் சொந்தச் செய்தியையே காட்டும். ஆகவே அழகான பிழைப் பக்கம் அமைப்பதில் நேரம் செலவிட வேண்டாம்.

நீங்கள் விளங்கவில்லை என்று சொன்ன விடயத்துக்கும் விடை இருக்கிறது. ஸ்க்விட் ஒரு தளத்துக்காகக் காத்திருப்பதால் மற்றத் தளங்கள் தாமதமாவதில்லை. அது நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடியது. பக்கத்து மேசை பாதிக்கப்படாததே அதற்குச் சான்று. தடை உலாவிக்குள் இருக்கிறது. குரோமும் பயர்பொக்ஸும் ஒரு புறொக்சியை நோக்கி ஒரே நேரத்தில் 32 இணைப்புகளுக்கு மேல் திறப்பதில்லை. புறொக்சி இல்லாதபோது தளத்துக்குத் தளம் தனிக் கணக்கு. புறொக்சி இருக்கும்போது எல்லாத் தளங்களுக்கும் சேர்த்தே 32. வினாத்தாள் பக்கத்தில் சிறுபடங்களும் நிரல்களும் நிறைய இருந்து, அவை எல்லாம் உயிரற்ற அதே சேவையகத்தின் வெவ்வேறு துணைப்பெயர்களிலிருந்து வரவேண்டியிருந்தால், பிள்ளை பொறுமையிழந்து இன்னும் இரண்டு தாவல்களில் அதே பக்கத்தைத் திறந்தால், 32 இடங்களில் பெரும்பகுதி ஒரு நிமிடத்துக்குப் பிடிபட்டுவிடும். மற்றத் தளங்கள் வரிசையில் நிற்கும். கனெக்ட் ரைம்அவுட்டைக் குறைப்பதால் கிடைக்கும் பெரிய நன்மை இதுவே. இடங்கள் ஆறில் ஒரு பங்கு நேரத்தில் விடுபடும். குரோமில் அந்த 32 ஐக் கொள்கை அமைப்பு மூலம் 99 வரை உயர்த்தலாம், ஆனால் காத்திருப்பைக் குறைத்த பிறகு அதற்குத் தேவை வராது என்று நினைக்கிறேன்.

வடமராட்சியாள், நெல்லியடி:

32 என்ற கணக்கு எனக்கும் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே நியாயம் ரீட் ரைம்அவுட்டுக்கும் பொருந்தும் அல்லவா? இணைப்பு அமைந்த பிறகு 15 நிமிடம் மௌனமாக இருக்கும் தளத்துக்காக ஓரிடத்தைப் பிடித்து வைத்திருப்பதில் என்ன நியாயம்? அதோடு ஸ்க்விட்டுக்குக் கோப்புச் சுட்டி (திறந்திருக்கும் ஒவ்வோர் இணைப்புக்கும் இயங்குதளம் தரும் இலக்கம்) எல்லையும் உண்டு. பழைய நிறுவல்களில் அது 1024. ஒரு கோரிக்கைக்கு உலாவிப் பக்கம் ஒன்று, தளத்தின் பக்கம் ஒன்று என்று குறைந்தது இரண்டு தேவை. ஐந்நூறு சுரங்கவழிகள் தேங்கினால் புறொக்சியே திணறும். எங்கள் நிலையத்தில் இந்த எச்சரிக்கையைப் பதிவில் கண்ட பின்னர்தான் 30 செக்கனுக்கு வந்தோம்.

பழைய லினக்ஸ்காரர், சுன்னாகம்:

தம்பி சொல்வதில் கோப்புச் சுட்டிகளைப் பற்றிய பகுதி சரி. அதற்குப் பரிகாரம் எல்லையை உயர்த்துவது. மேக்ஸ் பைல்டிஸ்கிரிப்டர்ஸ் என்ற கட்டளையில் 4096 என்று எழுதினால் முப்பது, நாற்பது கணினி உள்ள அறைக்குப் போதும். சுட்டி ஒவ்வொன்றும் பிடிக்கும் நினைவகம் பெரிய சுமையல்ல.

ஆனால் ரீட் ரைம்அவுட்டை 30 செக்கனுக்குக் குறைப்பதில் நான் உடன்படவில்லை, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் கோரிக்கை ஏற்கெனவே போய்விட்டது. இணைப்பை நாம் வெட்டினாலும் அந்தப் பக்கத்துச் சேவையகம் தொடங்கிய வேலையை நிறுத்துவதில்லை. விண்ணப்பப் படிவம் ஒன்றை ஒரு மாணவர் நிரப்பிச் சமர்ப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நெரிசல் மிகுந்த நாளில் அந்தச் சேவையகம் தரவுத்தளத்தில் பதிந்து, உறுதிப்படுத்தும் பக்கத்தை அனுப்ப 50 செக்கன் எடுக்கிறது. உங்கள் புறொக்சி 30 இல் வெட்டிவிடும். மாணவருக்குத் தெரிவது தோல்வி. அங்கே நடந்தது வெற்றி. அவர் மறுபடி அழுத்துவார். இரண்டு விண்ணப்பங்கள் பதிவாகும். கட்டணம் செலுத்தும் பக்கமாக இருந்தால் இரண்டு முறை பணம் போகக்கூடும். இதே காரணத்துக்காகத்தான் 2022 இல் வெளியான எச்ரிரிபி விதிநூலான ஆர்எப்சி 9110, இருமுறை செய்தால் விளைவு மாறக்கூடிய கோரிக்கைகளைப் புறொக்சி தானாக மீள அனுப்பவே கூடாது என்று கட்டாயமாகத் தடுக்கிறது. புறொக்சிக்கு அனுமதிக்கப்படாத அந்த மறுமுயற்சியை, மனிதரின் கையால் செய்ய வைக்கிறது குறுகிய ரீட் ரைம்அவுட்.

ஆசிரியர்கள் பாடக் காணொளிகளைத் தளங்களில் ஏற்றும்போதும் இது வரும். ஏற்றம் நடந்துகொண்டிருக்கும்வரை சிக்கலில்லை. சுரங்கவழியில் ஒரு திசையில் மட்டும் தரவு போய்க்கொண்டிருந்தாலும் ஸ்க்விட் கடிகாரத்தைப் புதுப்பித்துக்கொள்கிறது. நூறு வீதம் ஏறிய பிறகு, சேவையகம் கோப்பைச் சரிபார்த்துச் சேமிக்கும் அந்த மௌனத்தில்தான் 30 செக்கன் வரம்பு பாயும். முழுக் கோப்பையும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும், தரவுக்கட்டணம் வேறு.

15 நிமிடம் நீளம்தான், அதை மறுக்கவில்லை. பயர்பொக்ஸ் பதிலுக்காகத் தானே 300 செக்கன்தான் காத்திருக்கிறது. ஆகவே ரீட் ரைம்அவுட்டை 5 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். அதற்குக் கீழே போக வேண்டாம். கிளையன்ட் லைஃப்ரைம் என்ற கட்டளை ஒரு நாள் என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் அதை 10 நிமிடம் ஆக்குகிறார்கள். அது மௌனத்தை அல்ல, இணைப்பின் முழு ஆயுளை அளப்பது. ஓடிக்கொண்டிருக்கும் பதிவிறக்கத்தையும் அது வெட்டும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைத் தொடும்படி ஸ்க்விட்டின் கையேடே அறிவுறுத்துகிறது.

வடமராட்சியாள், நெல்லியடி:

ஐயா, எங்கள் நிலையத்தில் படிவம் நிரப்புவோரோ காணொளி ஏற்றுவோரோ இல்லை; பாடம் பார்க்கும் பிள்ளைகள் மட்டுமே. அதனால் எங்களுக்கு 30 செக்கன் கெடுதல் செய்யவில்லை, தொடர்ந்து வைத்திருப்பேன். ஆனால் கொக்குவில் அன்பருக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம். ஒரு கேள்வி: படிவத் தளங்களுக்கு மட்டும் 5 நிமிடமும் மற்றவற்றுக்கு 30 செக்கனும் என்று பிரித்து எழுத முடியாதா?

பழைய லினக்ஸ்காரர், சுன்னாகம்:

ரீட் ரைம்அவுட்டைத் தளவாரியாகப் பிரிக்க முடியாது. அது முழு ஸ்க்விட்டுக்கும் ஒன்றே. உண்மையில் வேண்டுமென்றால் வேறு போர்ட்டில் இரண்டாவது ஸ்க்விட் ஒன்றை வேறு அமைப்புக் கோப்போடு ஓடவிட்டு, உலாவிகளுக்குத் தரும் பிஏசி கோப்பில் (எந்தத் தளத்துக்கு எந்த வழியாகப் போவது என்று உலாவிக்குச் சொல்லும் கோப்பு) எந்தத் தளம் எந்தப் போர்ட்டுக்கு என்று எழுதலாம். வேலை அதிகம், பயன் கொஞ்சம். பிஏசி கோப்பில் புறொக்சிக்கு அடுத்ததாக நேரடி இணைப்பு என்று எழுதி வைத்தால் தளம் பதிலளிக்காதபோது உலாவி நேரடியாகப் போகும் என்று சிலர் நம்புகிறார்கள், அது நடக்காது. புறொக்சியையே எட்ட முடியாதபோதுதான் உலாவி அடுத்த வழியை எடுக்கும்.

மாறாக, ஒரு துணைத்தளம் நிரந்தரமாக இறந்துவிட்டது என்று தெரிந்தால், காத்திருப்பதற்குப் பதிலாக மறுத்துவிடுங்கள். பழைய பக்கங்களில் எழுத்துருவையோ வருகைக் கணக்கையோ எப்போதோ மூடப்பட்ட சேவையகத்திலிருந்து அழைக்கும் வரிகள் இருக்கும். அந்த ஆள்களப்பெயரை ஓர் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (ஏசிஎல்) சேர்த்து, எச்ரிரிபி அக்சஸ் டினை என்று எழுதினால் ஒரு கணம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

தீவகத்தான், ஊர்காவற்றுறை:

பைபர் உள்ளவர்களுக்கு 10 செக்கன் சரி. எங்களைப் போல 4ஜி ரவுட்டரை நம்பியிருப்பவர்கள் 20 வைத்துக்கொள்வது நல்லது. மாலையில் எல்லோரும் பயன்படுத்தும் நேரத்தில் பொதிகள் தொலைவது வழமை. 20 செக்கன் என்றால் 15 ஆவது செக்கனில் போகும் ஐந்தாவது பொதிக்கும் பதில் வர ஐந்து செக்கன் இருக்கும்.

எங்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லை மின்வெட்டுத்தான். புறொக்சிக் கணினி யூபிஎஸ்ஸில் இருக்கிறது, ரவுட்டர் இல்லை. மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர் புதிதாகத் தொடங்கும், அதற்குள் இருந்த முகவரி மாற்ற அட்டவணை முழுவதும் அழிந்துவிடும், வெளிமுகவரியும் மாறியிருக்கும். ஆனால் ஸ்க்விட்டுக்கு அது தெரியாது. தன்னிடம் திறந்திருக்கும் பழைய இணைப்புகள் உயிரோடு இருப்பதாக நினைத்து அவற்றிலேயே கோரிக்கையை அனுப்புகிறது. மறுமுனையிலிருந்து மறுப்பும் வராது, பதிலும் வராது. லினக்ஸ் தன் மறுஅனுப்பலைக் கைவிட இயல்பிருப்பில் ஏறத்தாழ 15 நிமிடம் எடுக்கும். ரீட் ரைம்அவுட்டும் 15. வெளியே பார்ப்பவருக்கு அந்தத் தளமே பதிலளிக்கவில்லை என்று தோன்றும்.

சும்மா கிடக்கும் இணைப்பைத் தளத்தின் பக்கம் எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதை சேர்வர் ஐடில் பிகான் ரைம்அவுட் தீர்மானிக்கிறது. இயல்பிருப்பு 1 நிமிடம். நாங்கள் அதை 20 செக்கனாக்கினோம். மின்சாரம் வந்ததும் ஸ்க்விட்டை ஒரு முறை மறுதொடக்கம் செய்யும் சிறு நிரலும் எழுதி வைத்திருக்கிறோம். மறுதொடக்கம் ஏன் அரை நிமிடம் எடுக்கிறது என்று குழம்ப வேண்டாம். ஷட்டவுன் லைஃப்ரைம் 30 செக்கன் என்று இருப்பதே காரணம்.

பாடசாலை ஆய்வுகூடம், சாவகச்சேரி:

எங்கள் பாடசாலைத் தளத்துக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருளை வைத்திருக்கிறோம். அதிலும் 504 (நேரத்துக்குள் பதில் வரவில்லை என்ற பிழை) வருகிறது. இந்த எண்களையே பயன்படுத்தலாமா?

நல்லூர்க்கிளி, யாழ்ப்பாணம்:

திசை வேறு. உங்கள் என்ஜின்எக்ஸ் உங்களுடைய சொந்தச் செயலிக்கு முன்னால் நிற்கிறது. பொறுப்பாளரின் ஸ்க்விட் உலகம் முழுவதையும் நோக்கி நிற்கிறது. உங்களிடம் புறொக்சி கனெக்ட் ரைம்அவுட் 60 செக்கன், புறொக்சி ரீட் ரைம்அவுட் 60 செக்கன் என்பவை இயல்பிருப்பு. முதலாவதை ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் செயலிக்கு 2 அல்லது 3 செக்கனாக்கலாம். இரண்டாவது அடித்துத்தான் 504 வருகிறது என்றால் வரம்பை உயர்த்துவதைவிட எந்தப் பக்கம் ஒரு நிமிடம் எடுக்கிறது என்று தேடுவதே முறை. விரிவாகப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

வாசிகசாலைப் பொறுப்பாளர், கொக்குவில்:

கனெக்ட் 10 செக்கன், போர்வேட் 30 செக்கன், டிஎன்எஸ் 10 செக்கன், ரீட் 5 நிமிடம், கோப்புச் சுட்டி 4096 என்று எழுதி, முதலில் பார்ஸ் கட்டளையால் கோப்பைச் சரிபார்த்துவிட்டு ஸ்க்விட்டை மறுதொடக்கம் செய்தேன். வினாத்தாள் தளம் விழும்போது இப்போது பத்துச் செக்கனில் செய்தி வந்துவிடுகிறது. அந்தக் கணினியில் மற்றத் தளங்கள் முடங்குவதும் நின்றுவிட்டது.

ஆனால் வேறொரு தளம் பிடிகொடுக்கவில்லை. கற்றல் வளங்கள் உள்ள தளம் அது. என் கைப்பேசியில் தொலைபேசி நிறுவனத்தின் தரவு வழியாகத் திறக்கிறது. வாசிகசாலையில் புறொக்சி வழியாகத் திறந்தால் இணைப்பு உடனே அமைகிறது, பிறகு எதுவும் வருவதில்லை. பதிவில் 200 என்று இருக்கிறது, நேரம் 300 ஆயிரத்தை ஒட்டி இருக்கிறது. ரீட் ரைம்அவுட் அடிக்கிறது என்று நினைக்கிறேன். கர்ல் (கட்டளைவரியிலிருந்து தளங்களை அழைக்கும் கருவி) கொண்டு புறொக்சி வழியாகச் சோதித்தால் இணைப்பு நேரம் ஒரு மில்லிசெக்கன்கூட இல்லை என்கிறது.

நல்லூர்க்கிளி, யாழ்ப்பாணம்:

அந்த ஒரு மில்லிசெக்கன் தளத்துக்கு அல்ல, உங்கள் புறொக்சிக்கு இணைந்த நேரம். புறொக்சி வழியாகக் கர்ல் ஓட்டும்போது அது அளக்கும் இணைப்பு நேரம் அதுதான். புறொக்சிக் கணினியிலேயே அமர்ந்து, புறொக்சியைத் தவிர்த்து, நேரடியாக அந்தத் தளத்தை அழையுங்கள். இணைய முகவரியின் பழைய வகையான ஐபிவி4 இல் ஒரு முறையும் புதிய வகையான ஐபிவி6 இல் ஒரு முறையும் பாருங்கள். ரவுட்டர் ஐபிவி6 முகவரி தந்துவிட்டு, வெளியே வழி இல்லாமல் இருந்தால் ஸ்க்விட் 4 அந்த முகவரியில் முட்டிக்கொண்டு நிற்கக்கூடும். 4 ஆம் பதிப்பில் டிஎன்எஸ் வி4 பெர்ஸ்ட் என்ற கட்டளையால் ஐபிவி4 ஐ முன்னுக்குக் கொண்டுவரலாம். 5 ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கட்டளை இல்லை. அங்கே இரண்டு வகை முகவரிகளையும் சிறு இடைவெளியில் போட்டிக்கு விட்டு முந்தியதை எடுத்துக்கொள்ளும் முறை வந்துவிட்டது. உபுண்டு 22.04 க்கு மாறினால் ஸ்க்விட் 5 தானாகவே கிடைக்கும், 20.04 இன் வழமையான ஆதரவு 2025 இல் முடிந்துவிட்டதால் எப்படியும் மாறத்தான் வேண்டும்.

வாசிகசாலைப் பொறுப்பாளர், கொக்குவில்:

எங்கள் இணைப்பில் ஐபிவி6 இல்லை. புறொக்சிக் கணினியிலிருந்து நேரடியாக அழைத்தாலும் அதே கதைதான்: இணைப்பு கால் செக்கனில் அமைகிறது, குறியாக்கக் கைகுலுக்கல் தொடங்குகிறது, முதல் செய்தி போகிறது, அதோடு நிற்கிறது.

பழைய லினக்ஸ்காரர், சுன்னாகம்:

அப்படியென்றால் ஸ்க்விட்டை விட்டுவிடுங்கள். எந்தக் காலவரம்பும் இதைத் தீர்க்காது. புதிய குரோம் அனுப்பும் பெரிய கைகுலுக்கல் செய்தியைச் சில பழைய சேவையகங்கள் தாங்குவதில்லை என்று ஒரு சிக்கல் உண்டு. ஆனால் அதே மௌனம் பழைய கர்லிலும் வருவதால் அதை ஒதுக்கிவிடலாம்.

என் ஐயம் பொதியின் அளவு பற்றியது. வீட்டுப் பைபர் இணைப்பு பிபிபிஓஈ முறையில் (ஒவ்வொரு பொதியிலும் 8 பைட் கூடுதல் தலைப்பு சேரும் முறை) வந்தால் ஒரு பொதியின் உச்ச அளவு 1500 அல்ல, 1492 பைட். உங்கள் லினக்ஸ் கணினி தன் அட்டையின் 1500 ஐப் பார்த்து, தலைப்பகுதி 40 பைட் போக 1460 பைட் துண்டுகளாக அனுப்பலாம் என்று தளத்துக்குச் சொல்லிவிடுகிறது. உங்கள் முதல் செய்தி சிறியது, போய்ச் சேர்கிறது. பதிலாக வரும் சான்றிதழ் பெரியது. 1500 பைட் பொதிகளாக வந்து 1492 இடுக்கில் விழுகிறது. வழியிலுள்ள கருவி சிறியதாக அனுப்பு என்று தளத்துக்கு ஐசிஎம்பி செய்தி (வலையமைப்புக் கருவிகளின் அறிவிப்புச் செய்தி) அனுப்பும். அந்தச் செய்தியைத் தளத்தின் தீச்சுவர் தடுத்தால் தளம் அதே பெரிய பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும், உங்களுக்கு எதுவும் வராது. பெரும்பாலான தளங்கள் அந்தச் செய்தியைத் தடுப்பதில்லை, அதனால்தான் இந்த ஒன்று மட்டும் அகப்படுகிறது.

பிங் கட்டளையில் துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு 1472 பைட் அனுப்பிப் பாருங்கள், பிறகு 1464. தலைப்பகுதி 28 பைட் சேர்ந்து முறையே 1500, 1492 ஆகும்.

வாசிகசாலைப் பொறுப்பாளர், கொக்குவில்:

1472 போகவில்லை. 1464 போகிறது. இணையத்தில் தேடியபோது லினக்ஸின் தீச்சுவரான ஐபிரேபிள்ஸ்ஸின் போர்வேட் சங்கிலியில் எம்எஸ்எஸ் அளவை (ஒரு துண்டின் உச்ச அளவை) கட்டுப்படுத்தும் வரியைச் சேர்க்கும்படி பல இடங்களில் இருக்கிறது. சேர்த்தேன்; மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

பழைய லினக்ஸ்காரர், சுன்னாகம்:

போர்வேட் சங்கிலி வழியாகப் போவது கடந்து செல்லும் பொதிகள் மட்டுமே. புறொக்சியில் எதுவும் கடந்து செல்வதில்லை. உலாவியின் இணைப்பு ஸ்க்விட்டில் முடிகிறது, தளத்துக்கான இணைப்பு ஸ்க்விட்டிலிருந்து புதிதாகப் பிறக்கிறது. ஆகவே அந்த வரி, கணினியிலிருந்தே புறப்படும் பொதிகளுக்கான அவுட்புட் சங்கிலியில் இருக்க வேண்டும். அதைவிட எளிது, அந்தக் கணினியின் வலையமைப்பு அட்டைக்கு எம்ரியு (பொதியின் உச்ச அளவு) 1492 என்று உபுண்டுவின் வலையமைப்பு அமைப்புக் கோப்பான நெற்பிளான் கோப்பில் எழுதிவிடுவது. அப்போது கணினி தானாகவே 1452 என்று அறிவிக்கும். போர்வேட் வரியை நீக்கிவிடுங்கள்.

வாசிகசாலைப் பொறுப்பாளர், கொக்குவில்:

நெற்பிளானில் 1492 எழுதினேன். தளம் திறக்கிறது. ரீட் ரைம்அவுட் 5 நிமிடத்திலேயே இருக்கிறது.